60 சென்ட் 6 சென்ட் ஆன கதை

2016 அக்டோபரில் மின்சார நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. கூரை சோலார் பேனல் மின்சாரத்தைக் கூடுதல் விலைக்கு எடுத்துக்கொள்கிற நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசின் சோலார் போனஸ் திட்டம் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிகிறது, அதன்பிறகு உங்கள் கூரை மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 6 சென்ட் தருவோம் என்று இரண்டே பத்தி. அதுவரை வந்துகொண்டிருந்தது 60 சென்ட். கடிதத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு, ஒரு வாரம் அதன் முகத்தைப் பார்க்காமலே பால் எடுத்தேன்.

சிட்னிக்கு மேற்கே டூங்காபியில் எங்கள் வீடு, 1960களில் கட்டியது. 2010 ஆகஸ்டில் பேனலுக்குக் கையெழுத்துப் போட்டோம். 175 வாட் பேனல் 12, ஆக மொத்தம் 2.1 கிலோவாட். மத்திய அரசின் சலுகை போக எங்களுக்கு 7,500 டாலர் ஆயிற்று. அந்த அக்டோபர் 27ஆம் தேதி, இனிமேல் சேருபவர்களுக்கு 20 சென்ட்தான் என்று மாநில அரசு அறிவித்தது, நாங்கள் தப்பினோம். அடுத்த மே மாதம், புதிதாக ஆட்சிக்கு வந்த பாரி ஓஃபாரல் அரசு பழைய ஆட்களுக்கும் 60ஐ 40 ஆக்கப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே பின்வாங்கியது. அப்போதே என் மனைவி சொன்னாள், அரசு தருகிற காசை நிரந்தர வரவாக எழுதாதீர்கள் என்று. நான் எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

சிட்னி வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு நாலு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தரும். எங்களுக்கு நாளுக்கு 8 யூனிட், வருஷத்துக்குச் சுமார் 3,000. அதற்கு 1,800 டாலர். ஆறு வருஷத்தில் 11,000 டாலரை ஒட்டி வந்துவிட்டது, போட்ட முதல் எப்போதோ திரும்பியாயிற்று. அழ ஒன்றுமில்லைதான். ஆனாலும் 3,000 யூனிட்டுக்கு இனி 180 டாலர் என்று பார்க்கும்போது வயிறு எரியத்தான் செய்தது.

அந்த நவம்பரில் மதுரையிலிருந்து மாமனார் வந்தார். மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த மறுநாள் காலையிலேயே பக்கச் சுவரிலிருந்த மீட்டர் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, சட்டைப்பையில் வைத்திருந்த குட்டி நோட்டில் ரீடிங் எழுதினார். பழக்க தோஷம். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

“மாப்பிள்ளை, மாடியில வர்ற கரண்ட் வீட்டுக்குள்ள வர்றதே இல்லையே, கவனிச்சீங்களா? எல்லாம் ஒரு மீட்டர் வழியா வெளிய போகுது. நீங்க செலவு பண்றது பூரா இன்னொரு மீட்டர் வழியா விலைக்கு வருது.”

கிராஸ் மீட்டர் என்பார்கள் இதை. உற்பத்தி முழுவதையும் 60 சென்ட்டுக்கு விற்று, தேவை முழுவதையும் 27 சென்ட்டுக்கு வாங்கிக்கொள்கிற ஏற்பாடு. அந்த விலையில் அது லாட்டரி. விற்கும் விலை 6 ஆகிவிட்டால் அதே வயரிங் நம் கழுத்துக்கு வரும். வீட்டுக்குத் தேவையானது போக மிச்சத்தை மட்டும் வெளியே விடுகிற நெட் மீட்டருக்கு மாற வேண்டும். கடிதத்தில் இது ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று மாமனார் நோட்டிலேயே போட்டுக் காட்டினார். பாதி மின்சாரத்தைப் பகலில் நாமே செலவழித்தால் 1,500 யூனிட் வாங்கவேண்டியதில்லை, 405 டாலர் மிச்சம். மீதி 1,500ஐ விற்றால் 90. ஆக 495. மீட்டரை மாற்றாமல் விட்டால் வெறும் 180.

உடனே போன் போட்டேன். மீட்டர் இலவசம், பதிவு செய்துகொள்கிறோம், ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும் என்றார்கள். டிசம்பர் போனது, புது வருஷம் பிறந்தது, ஆள் வரவில்லை. மறுபடி போன் செய்தால் என் பதிவே காணோம். முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஒவ்வொரு முறையும் பேசியவரின் பெயர், தேதி, புகார் எண் மூன்றையும் எழுதிவைக்கச் சொன்னவரும் மாமனார்தான். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் முப்பது வருஷம் உட்கார்ந்தவருக்கு இந்தப் பக்கத்து ஆள் என்ன செய்ய வேண்டும் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது.

பிப்ரவரியில் வெயில் கொளுத்தியது. மத்தியானம் மூன்று மணி, ஏசி முழு வேகத்தில் ஓடுகிறது, பேனலும் முழு வேகத்தில் உழைக்கிறது. மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று பார்த்தோம். இரண்டு மீட்டரும் போட்டி போட்டுக்கொண்டு ஓடின. அதே நொடியில் 6 சென்ட்டுக்கு விற்று 27 சென்ட்டுக்கு வாங்கிக்கொண்டிருந்தோம்.

அந்த மாதக் கடைசியில் மீட்டர் மாற்ற ஆள் வந்தார். பெட்டியைத் திறந்தார், மூடினார். மீட்டர்கள் பொருத்தியிருந்த கறுப்புப் பலகையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது, அதன் தூசி நுரையீரலுக்கு ஆபத்து, நான் துளை போட மாட்டேன் என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். இங்கே ஆஸ்பெஸ்டாஸை முழுக்கத் தடை செய்தது 2003 டிசம்பர் கடைசியில்; அதற்கு முந்தைய பழைய வீடுகளில் இந்தப் பலகை சகஜம். பலகையை மாற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு. எலக்ட்ரீஷியன் 850 டாலர் கேட்டார். வருஷத்துக்கு 315 டாலர் மிச்சமாகும் வேலைக்கு 850 என்றால் மூன்று வருஷத்துக்குள் வந்துவிடும் என்று கொடுத்தோம். அந்த எலக்ட்ரீஷியன் நேர்மையான மனிதர். வெந்நீர்த் தொட்டியையும் பகலில் ஓடும்படி மாற்றிவிடுங்கள் என்று நான் கேட்டபோது வேண்டாம் என்றார். தொட்டியின் ஹீட்டர் 3.6 கிலோவாட், உங்கள் பேனல் உச்சி வெயிலிலும் 1.7 தாண்டாது, மீதியை 27 சென்ட்டுக்கு வாங்க நேரும், இரவு மலிவு மின்சாரம் 12 சென்ட்தானே, அப்படியே விடுங்கள் என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன், பகலில் யூனிட்டுக்கு 17 சென்ட் விழும். அவர் சொன்னதே சரி.

மார்ச் நடுவில் நெட் மீட்டர் வந்தது. அதற்குப் பிறகு வீட்டின் கடிகாரமே மாறிப்போனது. இரவு பத்து மணிக்கு ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் காலை 11 மணிக்கு வந்தது. வாஷிங் மெஷினுக்கு டைமர் வைத்துவிட்டு வேலைக்குப் போனோம். கிரைண்டரையும் அயர்ன் பாக்ஸையும் சேர்த்துப் போடக் கூடாது, ஒன்று முடிந்து ஒன்று என்பது மாமனார் போட்ட சட்டம். அவர் ஏப்ரலில் ஊருக்குப் போகும்போது நோட்டை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்.

இதற்கு நடுவில் பேட்டரி விற்கிறவர்கள் வாரம் இரண்டு தடவை போன் செய்தார்கள். திட்டம் முடிந்த வீடுகளின் பட்டியல் எப்படித்தான் கிடைத்ததோ. டெஸ்லா பவர்வால் 2 அப்போதுதான் வந்திருந்தது. கொள்ளளவு 13.5 யூனிட், பொருத்திக் கொடுக்க 10,000 டாலருக்கு மேல் சொன்னார்கள். எங்களிடம் மிஞ்சுவதோ நாளுக்கு நாலு யூனிட். அதை விற்காமல் சேமித்து இரவில் செலவழித்தால் யூனிட்டுக்கு 21 சென்ட் லாபம், நாளுக்கு 84 சென்ட். போட்ட காசு வர முப்பது வருஷம் பிடிக்கும். உத்தரவாதம் பத்து வருஷம். கணக்கைச் சொன்னதும் எதிர்முனையில் இருந்த பையன் மெதுவாக போனை வைத்துவிட்டான்.

2017 ஜூலையில் மின்கட்டணம் ஏறியது; அந்த மார்ச்சில் விக்டோரியாவின் ஹேசல்வுட் அனல்மின் நிலையத்தை மூடியது ஒரு காரணம். கூடவே கூரை மின்சாரத்துக்குத் தருகிற விலையும் 11, 12 சென்ட் ஆனது. நிறுவனத்தை மாற்றிப் பார்த்தோம். விற்கிற விலையை மட்டும் பார்த்து ஒரு முறை ஏமாந்தேன். மின் இணைப்புக்கு நாள்தோறும் கட்டுகிற வாடகை அங்கே அதிகம். பிறகு கூரை மின்சாரத்தின் விலை இறங்கி, பழைய நிலைக்கே வந்துவிட்டது.

2022இல், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றித் தரும் இன்வெர்ட்டர் செத்துப்போனது. பழைய 12 பேனலையும் இறக்கிவிட்டு, சலுகை போக ஆறாயிரம் டாலருக்குள் 6.6 கிலோவாட் போட்டோம். எலக்ட்ரீஷியன் அதே ஆள்தான். இந்தத் தடவை நான் கேட்பதற்கு முன்னாலேயே வெந்நீர்த் தொட்டிக்குப் பகல் 11 மணிக்கு டைமர் வைத்துவிட்டுப் போனார்.