மஞ்சள் இலை மேலேயா, கீழேயா?
தொட்டிச் செடியின் இலை மஞ்சளானதும் உரத்தைத் தேடாதீர்கள். முதலில் எந்த இலை என்று பாருங்கள். அடியிலுள்ள பழைய இலையா, நுனித் தளிரா? பாதி விடை அங்கேயே இருக்கிறது.

தழைச்சத்து (நைட்ரஜன்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மக்னீசியம் மூன்றும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துத் தளிருக்குக் கொடுத்துவிடும். இதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் நெகிழ்ந்துவிடுகிறது. அடி இலை முழுக்க வெளுத்தால் தழைச்சத்து. நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி மஞ்சளானால் மக்னீசியம். ஓரம் கருகினால் பெரும்பாலும் சாம்பல்சத்து. இரும்பும் கால்சியமும் அப்படி நகராது. அவற்றின் குறை தளிரில்தான் தெரியும்.

என் ரோஜாவில் தளிர்கள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றன. இரும்புச்சத்து உரம் கொடுத்தேன், மாறவில்லை. அப்புறம் மண்ணின் பிஎச், அதாவது அமில-கார அளவு, பார்த்தால் 8-ஐ நெருங்கியிருந்தது. அந்தக் காரத்தன்மையில் மண்ணில் இரும்பு இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது! சற்றே அமிலத்தன்மையுள்ள மண்கலவைக்கு மாற்றிய பிறகு வந்த இலைகள் நல்ல பச்சை. சரியாகிவிட்டதா என்று பழைய இலைகளை வைத்து முடிவு செய்யாதீர்கள், புதிதாக வருவதைப் பாருங்கள்.

இன்னொன்று. நீர் தேங்கி வேர் அழுகினாலும் இலை இப்படித்தான் மஞ்சளாகும். அதனால் உரம் போடும் முன் செடியை மெதுவாக உருவி வேரைப் பாருங்கள். வெள்ளையாக, உறுதியாக இருந்தால் சரி. பழுப்பாகக் குழைந்து நாற்றமடித்தால் உரம் வேண்டாம், நீரைக் குறையுங்கள்.