ஜே.டி. + எம்.பி.பி.: சட்டத்தையும் பொதுக்கொள்கையையும் நான்கு ஆண்டில் முடிப்பது எப்படி

அமெரிக்காவில் சட்டப் பட்டமான ஜே.டி.க்கு மூன்று ஆண்டு, பொதுக்கொள்கை முதுகலையான எம்.பி.பி.க்கு இரண்டு ஆண்டு. தனித்தனியாகப் படித்தால் ஐந்து ஆண்டு ஆகும். இணைப்புத் திட்டத்தில் நான்கில் முடியும். ஹார்வர்ட், மிச்சிகன், பெர்க்லி, ஜார்ஜ்டவுன் என்று பல பல்கலைக்கழகங்களில் இந்த வசதி உண்டு. விசாரிப்பவர்கள் எல்லோரும் இடம் கிடைக்குமா என்றுதான் கேட்கிறார்கள். எந்த ஆண்டு எந்தப் பள்ளி, எந்த கிரெடிட் (பாடத்துக்குத் தரும் மதிப்பு அலகு) எந்தக் கணக்கில், எந்தக் கோடையில் என்ன வேலை என்பதைச் சேருவதற்கு முன்பே தீர்த்துக்கொள்வதுதான் அதைவிட முக்கியம். அதைச் செய்யாதவர்கள் நான்காம் ஆண்டில் படாத பாடு படுகிறார்கள்.

முதலில், இது யாருக்கு வேண்டும்? 2015-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த மிச்சிகன் எதிர் ஈ.பி.ஏ. வழக்கைப் பாருங்கள். மின் நிலையங்களின் பாதரசப் புகைக்குக் கட்டுப்பாடு விதித்தது சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஈ.பி.ஏ. ஆண்டுக்குச் செலவு 960 கோடி டாலர். நச்சுப் பொருள்கள் குறைவதால் நேரடியாக, பணமாகக் கணக்கிட முடிந்த பலன் 40 முதல் 60 லட்சம் டாலர்தான். கூடவே மற்ற மாசும் குறைவதால் வரும் துணைப் பலனையும் சேர்த்தால் 3,700 முதல் 9,000 கோடி. கட்டுப்பாடு வேண்டுமா என்று முடிவெடுக்கும் கட்டத்திலேயே செலவைப் பார்த்திருக்க வேண்டுமா என்பதுதான் வழக்கு. சட்டத்தில் இருந்த ‘பொருத்தமானது, தேவையானது’ என்ற சொற்களுக்குள் செலவும் அடங்கும் என்றது நீதிமன்றம். அந்தச் சொற்களைப் படிக்கச் சட்டப் பள்ளி கற்றுத்தருகிறது. துணைப் பலனை எப்படி எண்ணினார்கள், அதை எண்ணலாமா என்று கேட்கக் கொள்கைப் பள்ளி கற்றுத்தருகிறது. ஒழுங்குமுறை, வரி, வீட்டுவசதி, மருத்துவக் காப்பீடு போன்ற துறைகளில் இரண்டையும் ஒரே ஆள் செய்ய வேண்டிய வேலைகள் நிறைய. நீதிமன்றத்தில் வாதாடுவது மட்டுமே உங்கள் விருப்பம் என்றால் நான்காம் ஆண்டுச் செலவு வேண்டாம் என்றே சொல்வேன்.

விண்ணப்பம் இரண்டு பள்ளிகளுக்கும் தனித்தனி. ஒன்றில் இடம் கிடைத்ததை வைத்து மற்றது தானாக வராது. சட்டப் பள்ளிக்கு எல்சாட் தேர்வு, 120 முதல் 180 வரை மதிப்பெண். 2024 ஆகஸ்ட் முதல் லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதி கிடையாது. இப்போது தர்க்கப் பகுதி இரண்டு, வாசிப்புப் பகுதி ஒன்று, மதிப்பெண்ணில் சேராத சோதனைப் பகுதி ஒன்று. ஒவ்வொன்றும் 35 நிமிடம். பழைய பயிற்சிப் புத்தகம் இரவலாகக் கிடைத்தால் இதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கொள்கைப் பள்ளிகளில் சில ஜி.ஆர்.இ. என்ற பொது முதுகலை நுழைவுத் தேர்வைக் கேட்கும், சில விருப்பத்துக்கு விட்டுவிடும், இணைப்பு மாணவர்களுக்கு எல்சாட்டே போதும் என்று சொல்லும் பள்ளிகளும் உண்டு. ஜி.ஆர்.இ. மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும்; வேண்டியிருக்கும் என்று தோன்றினால் சட்டப் படிப்பு தொடங்கும் முன்பே எழுதி முடியுங்கள். இந்தியாவில் படித்தவர்கள் மதிப்பெண் பட்டியலை, எல்சாட் தேர்வை நடத்தும் எல்சாக் அமைப்புக்குத் தங்கள் பல்கலைக்கழகத்திலிருந்தே நேரடியாக அனுப்பவைக்க வேண்டும். நம் பல்கலைக்கழக அலுவலகங்களின் வேகம் தெரிந்ததுதானே, இரண்டு மூன்று மாதம் முன்பே மனு போடுங்கள்.

இரண்டுக்கும் ஒரே சமயத்தில் விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டால், சட்டப் பள்ளியில் முதலாண்டு படிக்கும்போதே கொள்கைப் பள்ளிக்கு விண்ணப்பிக்கப் பெரும்பாலான இடங்களில் அனுமதி உண்டு. இரண்டாவது வழியில் ஒரு சிக்கல்: கொள்கைப் பள்ளிகளின் கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் வரும். சட்டப் பள்ளியின் முதல் பருவத் தேர்வும் டிசம்பரில்தான். அந்தத் தேர்வு ஒவ்வொன்றும் மூன்று, நான்கு மணி நேரம். பாடத்தின் மொத்த மதிப்பெண்ணும் பெரும்பாலும் அதிலேயே. கட்டுரைகளை ஆகஸ்டிலேயே எழுதி வைத்துவிட்டால் பிழைத்தீர்கள். சட்டப் பள்ளிக்கு அனுப்பிய கட்டுரையையே கொள்கைப் பள்ளிக்கும் அனுப்பாதீர்கள். அவர்களுக்கு நீங்கள் தீர்க்க நினைக்கும் பிரச்சினை எது, அதற்குச் சட்டம் மட்டும் ஏன் போதாது என்று தெரிய வேண்டும்.

அடுத்தது கிரெடிட் கணக்கு. இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் தரவிதி 311-இன்படி ஜே.டி.க்குக் குறைந்தது 83 கிரெடிட் வேண்டும். அதில் 64 சட்டப் பள்ளியின் சொந்த வகுப்புகளாக இருக்க வேண்டும். மிச்சம் 19. வேறு துறையில் படிப்பது மட்டுமல்ல, வெளியே சென்று செய்யும் எக்ஸ்டர்ன்ஷிப், சட்ட இதழ்ப் பணி ஆகியவையும் இந்த 19-க்குள்தான் வரும். ஒரு பருவம் முழுவதும் அரசு அலுவலகத்தில் எக்ஸ்டர்ன்ஷிப் செய்துவிட்டு, கொள்கைப் பள்ளியின் 12 கிரெடிட்டையும் சேர்க்கப் போனால் இடம் இருக்காது. இரண்டில் எது வேண்டும் என்பதை முதலாண்டிலேயே முடிவு செய்யுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு: பள்ளி கேட்பது ஜே.டி.க்கு 86, எம்.பி.பி.க்கு 48 என்று வைப்போம். மொத்தம் 134, எட்டுப் பருவத்தில் பருவத்துக்கு 16.75. தாங்க முடியாது. சட்டப் பள்ளி 12 கிரெடிட்டையும் கொள்கைப் பள்ளி 16 கிரெடிட்டையும் மற்றப் பள்ளியின் பாடங்களிலிருந்தே ஏற்றுக்கொண்டால் 106, பருவத்துக்கு 13 சொச்சம். நான்கு ஆண்டில் முடிவதன் ரகசியம் இவ்வளவுதான். இந்த 28-இல் கைவைத்தால் எல்லாம் சரியும்.

எதை முதலில் படிப்பது என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. சட்டப் பள்ளியில் சேருவதற்கு முன் படித்த பாடத்துக்குப் பெரும்பாலான சட்டப் பள்ளிகள் கிரெடிட் தருவதில்லை. கொள்கைப் பள்ளியில் முதலாண்டை முடித்துவிட்டு வந்தால் அந்த ஆண்டின் பாடங்கள் ஜே.டி. கணக்கில் ஏறாமல் போகலாம். அதனால் சட்டத்தை முதலில் வையுங்கள், கொள்கையை இரண்டாம் ஆண்டில் வையுங்கள், கடைசி இரண்டு ஆண்டைக் கலந்து படியுங்கள். கொள்கைப் பள்ளியின் கட்டாயப் பாடங்களை இரண்டாம் ஆண்டிலேயே முடித்தாக வேண்டும். புள்ளியியல் இலையுதிர் பருவத்திலும் அதன் தொடர்ச்சியான ரிக்ரஷன் (மாறிகளுக்கிடையிலான தொடர்பைக் கணக்கிடும் பாடம்) வசந்தப் பருவத்திலும் மட்டும் நடக்கும் பள்ளிகள் உண்டு. ஒன்றைத் தவறவிட்டால் ஒரு முழு ஆண்டு காத்திருக்க வேண்டும்.

கணக்குக்குப் பயப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. வகைநுண்கணிதத்தின் அடிப்படை, நிகழ்தகவு, இயல்நிலைப் பரவல் இவை மூன்றையும் கோடையில் புரட்டிப் பார்த்தால் போதும். தள்ளுபடி விகிதம் (வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் ஆண்டு விகிதம்) ஒன்றை மட்டும் கையால் போட்டுப் பாருங்கள்: 30 ஆண்டு கழித்து வரும் 100 டாலர் பலனின் இன்றைய மதிப்பு 3 சதவீதத்தில் 41 டாலர், 7 சதவீதத்தில் 13 டாலர். 2003-ல் வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் விட்ட ஏ-4 சுற்றறிக்கை இந்த இரண்டு விகிதத்திலும் கணக்குக் காட்டச் சொல்கிறது. பலன் பிற்காலத்தில் வரும் சுற்றுச்சூழல் விதி ஒன்று தேறுமா தேறாதா என்பதை இந்த ஒரு எண்ணே மாற்றிவிடும்.

இனி கோடைகள். மூன்று ஆண்டு ஜே.டி.யில் இரண்டு கோடை, உங்களுக்கு மூன்று. நிரந்தர வேலைக்கு வழிவிடுவது கடைசி ஆண்டுக்கு முந்தைய கோடை. முதலாண்டு முடிந்ததும் கூடப் படிப்பவர்கள் எல்லோரும் சட்ட நிறுவனங்களுக்கு ஓடுவார்கள்; நீங்கள் ஓட வேண்டியது அதற்கு அடுத்த ஆண்டு. ரெஸ்யூமேயில் பட்டம் பெறும் ஆண்டை முதல் வரியிலேயே தெளிவாகப் போடுங்கள். முதல் கோடை சட்ட வேலை, இரண்டாவது கோடை எம்.பி.பி. கேட்கும் சுமார் பத்து வார இன்டர்ன்ஷிப், மூன்றாவது கோடை நீங்கள் சேர விரும்பும் இடம். எம்.பி.பி. முடித்தவர்கள் மத்திய அரசுக்குள் நுழையும் பெரிய வாசலாக 1977 முதல் இருந்த பிரசிடென்ஷியல் மேனேஜ்மென்ட் ஃபெலோஸ் திட்டத்தை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். பழைய வழிகாட்டிகளில் அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் சி.பி.டி. (படிக்கும்போதே பயிற்சி வேலை செய்ய அனுமதி) மாதங்களைக் குறித்து வையுங்கள். முழுநேர சி.பி.டி. 12 மாதம் ஆகிவிட்டால் அந்தப் படிப்பு நிலைக்கான ஓ.பி.டி. (பெரும்பாலும் படிப்பு முடிந்தபின் வேலை செய்ய அனுமதி) போய்விடும். மூன்று கோடை சேர்ந்தாலே ஏழு, எட்டு மாதம். அதற்கு மேல் ஒரு முழுநேர எக்ஸ்டர்ன்ஷிப் பருவத்தையும் ஏற்றினால் விளிம்புக்கு வந்துவிடுவீர்கள்.

பணம். சட்டப் பள்ளி தரும் ஸ்காலர்ஷிப் ஆறு பருவத்துக்கா, மூன்று காலண்டர் ஆண்டுக்கா? கொள்கைப் பள்ளியில் இருக்கும் ஆண்டில் அது நின்று காத்திருக்குமா? கலந்து படிக்கும் ஆண்டுகளில் எந்தப் பள்ளியின் கட்டணம்? மூன்றுக்கும் மின்னஞ்சலில் பதில் வாங்கி வையுங்கள்; வாய்மொழி உறுதி ஆள் மாறினால் போய்விடும். அமெரிக்கக் குடிமக்கள், நிரந்தரவாசிகள் கவனிக்க வேண்டியது: 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற மத்திய அரசு முதுகலைக் கடன் கிடையாது. மற்ற மத்தியக் கடனின் வரம்பு சட்டம் போன்ற தொழில்படிப்புக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000. மற்ற முதுகலைக்கு ஆண்டுக்கு 20,500, மொத்தம் 1,00,000. கொள்கைப் பள்ளி ஆண்டு எந்த வரம்பில் வரும் என்று நிதியுதவி அலுவலகத்தில் சேருவதற்கு முன்பே கேளுங்கள். பொதுச் சேவைக்குப் போனால் 120 மாதத் தவணைக்குப் பிறகு மத்தியக் கடன் தள்ளுபடியாகும் திட்டம் உண்டு. சட்டப் பள்ளிகள் தாமாகத் தரும் கடன் உதவி எம்.பி.பி. கடனுக்கும் பொருந்துமா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும்.

கடைசி ஆண்டில் கொள்கைப் பள்ளியின் இறுதித் திட்டப்பணி இருக்கிறது. நிஜமான ஓர் அரசுத் துறைக்கோ அமைப்புக்கோ எழுதிக் கொடுக்கும் ஆய்வறிக்கை அது. தரவு தருவதாகச் சொன்ன அலுவலகம் பிப்ரவரியில் கைவிரிப்பது அடிக்கடி நடக்கும். அதனால் பொதுவெளியில் கிடைக்கும் தரவை வைத்தே முடிக்கக்கூடிய கேள்வியாக இலையுதிர் பருவத்திலேயே தேர்ந்தெடுங்கள். பல இணைப்புத் திட்டங்களில் இரண்டும் முடியாமல் எந்தப் பட்டமும் தரமாட்டார்கள். அந்த அறிக்கை தாமதமானால் ஜே.டி.யும் தாமதமாகும். ஜூலை கடைசியில் நடக்கும், வழக்கறிஞர் உரிமத்துக்கான பார் தேர்வுக்குச் சட்டப் பள்ளி தர வேண்டிய சான்றிதழும் சிக்கிக்கொள்ளும். அறிக்கையின் கடைசித் தேதியையும் உங்கள் மாநில பார் தேர்வாணையத்தின் சான்றிதழ்த் தேதியையும் செப்டம்பரிலேயே ஒரே தாளில் எழுதி, இரண்டு பள்ளிகளின் பதிவாளர்களிடமும் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.