யார் சார் சொல்ல மாட்டாங்க?

என்னோடு வேலை செய்யும் பெண் ஒருவர் எழுதிய ஆங்கிலக் குறிப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியத்தைக் காட்டி, "அப்படிச் சொல்ல மாட்டாங்கம்மா" என்றேன். "யார் சார் சொல்ல மாட்டாங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான் நடந்தது. அந்தக் குரலில் எதிர்ப்பு இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் பதில் சொல்லாமல் அடுத்த கமென்ட்டுக்குப் போய்விட்டேன். ஏழு மாதம் ஆகிவிட்டது. குளிக்கும்போது, வண்டி ஓட்டும்போது, ராத்திரி தூக்கம் வராதபோது என்று அந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது.

அது ஷிஃப்ட் மாறும் நேரத்தில் எழுதும் குறிப்பு. கிளையன்ட்டுக்கும் காப்பி போகும் என்பதால் நான் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவோம், பன்னிரண்டு வருடமாக அப்படித்தான். அவர் எழுதியிருந்த வாக்கியம்: 'தி க்யூ இஸ் ஸ்வாலோயிங் தி மெசேஜஸ் பட் நாட் டைஜெஸ்டிங் தெம்.' க்யூ என்றால் மெசேஜ்கள் வந்து வரிசையில் காத்திருக்கும் இடம். அது மெசேஜை விழுங்குகிறது, ஆனால் செரிக்கவில்லை. நான் அதை அடித்துவிட்டு 'மெசேஜஸ் ஆர் நாட் பீயிங் ப்ராசஸ்ட்' என்று போட்டேன்.

இலக்கணப்படி அவர் வாக்கியத்தில் ஒரு தப்பும் கிடையாது. எழுவாய், பயனிலை, காலம், ஆர்ட்டிக்கிள் எல்லாம் சரி. தப்பு இருந்திருந்தால் எனக்கு எளிதாகப் போயிருக்கும், விதியைச் சொல்லி முடித்திருப்பேன். என்னிடம் இருந்ததெல்லாம் காதில் படும் ஓர் உறுத்தல் மட்டும்தான். க்யூவும் ஸ்வாலோவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அந்த உறுத்தல் பொய் என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. நமக்கு மழை பெய்யும், வெயில் அடிக்கும், காற்று வீசும். வெயில் பெய்கிறது என்றால் புரியும், ஆனால் கேட்டவர் ஒரு நொடி நிற்பார். ஆங்கிலத்திலும் அதேதான். மழை என்றால் 'ஹெவி', காற்று என்றால் 'ஸ்ட்ராங்'. மாற்றிப் போட்டால் இடறும். 'மேக் எ மிஸ்டேக்' என்கிறார்கள், ஆனால் 'டூ டேமேஜ்' என்கிறார்கள். இரண்டும் கெடுதல்தான், ஒன்றுக்கு மேக், இன்னொன்றுக்கு டூ. ஏன் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. இப்படிச் சொற்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வருவதைக் கொலொகேஷன் என்பார்கள். ஒரு சொல்லை அது யாரோடு சேர்ந்து வருகிறது என்பதை வைத்துத்தான் அறிய முடியும் என்று ஜே.ஆர். ஃபர்த் என்ற மொழியியலாளர் 1957-இலேயே எழுதிவிட்டார். இதையெல்லாம் அவரிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே மாதம் அவரே இன்னொரு ரிப்போர்ட்டில் 'வீ காஸ்ட் எ பிக் இம்ப்ரூவ்மென்ட் இன் ரெஸ்பான்ஸ் டைம்' என்று எழுதியிருந்தார். இதுவும் இலக்கணப்படி சரி. ஆனால் 'காஸ்' என்ற வினைக்குப் பின்னால் நாம் வழக்கமாகப் பார்ப்பது என்ன? ப்ராப்ளம், டேமேஜ், டிலே, டெத், கன்சர்ன். மைக்கேல் ஸ்டப்ஸ் என்ற மொழியியலாளர் ஏராளமான வாக்கியங்களைத் திரட்டிப் பார்த்து, இந்தச் சொல்லோடு பெரும்பாலும் கெட்டதுதான் சேர்ந்து வருகிறது என்று 1995-இல் காட்டினார். அகராதியில் 'காஸ்' என்றால் ஏற்படுத்து, அவ்வளவுதான், கெட்டது என்று எங்கும் போட்டிருக்காது. ஆனால் அவசரமாகப் படிக்கிற கிளையன்ட் 'வீ காஸ்ட்' வரை வந்ததும் நாம் எதையோ உடைத்துவிட்டோம் என்று தயாராகிவிடுவார். அதற்கப்புறம் இம்ப்ரூவ்மென்ட் என்று வந்தாலும் அந்த அரை நொடி கலக்கம் கலக்கம்தான். 'சிக்னிஃபிகன்ட்லி இம்ப்ரூவ்ட்' என்று மாற்றினேன். அந்தத் திருத்தத்துக்காக எனக்கு எந்த வருத்தமும் இல்லை, இன்றைக்கு அந்த வாக்கியம் வந்தாலும் மாற்றுவேன்.

ஆனால் விழுங்கிய க்யூ வேறு கதை.

அன்று ராத்திரி ஷிஃப்டில் இருந்தவர்கள் என் வாக்கியத்தைப் படித்தார்கள். மெசேஜ்கள் ப்ராசஸ் ஆகவில்லை. சரி, ஏன் ஆகவில்லை, வந்து சேர்கிறதா என்று முதலில் பார்ப்போம் என அனுப்புகிற பக்கத்திலிருந்து தேட ஆரம்பித்தார்கள். நெட்வொர்க் பார்த்தார்கள், சர்டிஃபிகேட் பார்த்தார்கள். நான்கு மணி நேரம் போனது. உண்மையில் மெசேஜ் எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்தது. க்யூ அதை வாங்கிக்கொண்டு, அனுப்பியவருக்கு 'வந்துவிட்டது' என்று அக்னாலெட்ஜ்மென்ட்டும் கொடுத்துவிட்டது. அதனால் அந்தப் பக்கம் எல்லாம் பச்சையாகத் தெரிந்தது. உள்ளே எடுத்து வேலை செய்ய வேண்டிய, வொர்க்கர் என்கிற ப்ராசஸ்தான் தொங்கிப்போய் நின்றது. விழுங்கியாயிற்று, செரிக்கவில்லை. அவர் சொன்னது அதைத்தான், அட்சரம் பிசகாமல். கோளாறு எந்த இடத்தில் என்பது அந்த இரண்டு வினைச்சொற்களில்தான் இருந்தது. நான் மொழியைச் சரிசெய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு விஷயத்தை எடுத்து வெளியே போட்டிருக்கிறேன்.

காலையில் அவரே வந்து ப்ராசஸை ரீஸ்டார்ட் செய்தார். ராத்திரிக் குறிப்பைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதையும் இங்கே எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் அந்த நான்கு மணி நேரத்துக்கான காரணம் ரிப்போர்ட்டில் இன்றும் 'டிலே இன் ஐடென்டிஃபையிங் தி ரூட் காஸ்' என்றுதான் இருக்கிறது.

வேறு வார்த்தையில் மாற்றியிருக்கலாமே என்று கேட்கலாம். மாற்றியிருக்கலாம்தான். 'அக்செப்டட் பட் நாட் ப்ராசஸ்ட்' என்று போட்டிருந்தால் காதுக்கும் இடறாது, விஷயமும் இருந்திருக்கும். ஆனால் அப்படிப் போட வேண்டுமானால் அவர் என்ன சொல்ல வருகிறார் என்று நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஸ்வாலோ என்ற சொல்லைப் பார்த்த உடனேயே இது தமிழிலிருந்து வந்த ஆங்கிலம் என்று முடிவுகட்டிவிட்டேன், அதற்குமேல் வாக்கியத்துக்குள் போகவே இல்லை.

இதில் இன்னொன்று பின்னால்தான் உறைத்தது. ப்ரோக்ராம் எழுதுகிறவர்கள் 'ஸ்வாலோ தி எக்ஸப்ஷன்' என்று தினமும் சொல்கிறார்கள். வருகிற பிழையை வாங்கி, யாருக்கும் சொல்லாமல் உள்ளேயே அமுக்கிவிடும் கோடுக்கு அதுதான் பெயர். எத்தனையோ ரிவ்யூவில் நானே சொல்லியிருக்கிறேன். அப்படியானால் ஸ்வாலோ அந்நியமான சொல்லே இல்லை, எங்கள் தொழிலுக்குள் ஏற்கெனவே குடியிருக்கிற சொல். எக்ஸப்ஷனுக்குப் பக்கத்திலிருந்து மெசேஜுக்குப் பக்கத்துக்கு அவர் நகர்த்தினார், அவ்வளவுதான். மெமரி 'லீக்' ஆகிறது, இரண்டு கம்ப்யூட்டர் 'ஹேண்ட்ஷேக்' செய்கிறது, ப்ராசஸ் 'ஸ்டார்வ்' ஆகிறது என்றெல்லாம் முதலில் எழுதியவர் முன்னால் என்னைப் போல ஒருவர் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது மனம் சங்கடப்படுகிறது.

யார் சொல்ல மாட்டார்கள் என்ற கேள்விக்கு நன்னூலில் ஒரு பதில் இருக்கிறது. 'எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே.' உயர்ந்தோர் எப்படிச் சொன்னார்களோ அப்படிச் சொல்வது மரபு. பள்ளியில் இதைப் படித்தவர்கள்தான் நாம் எல்லாரும்: காகம் கரையும், மயில் அகவும், யானை பிளிறும், பானை வனைய வேண்டும், கூடை முடைய வேண்டும். கூடை பின்னினான் என்று எழுதினால் மரபு வழு, மார்க் போய்விடும். ஆனால் கூடை செய்கிறவர்களைக் கேட்டுப்பாருங்கள், பின்னுகிறோம் என்றுதான் சொல்வார்கள். கூடை விஷயத்தில் உயர்ந்தோர் யார்? க்யூ விஷயத்தில் யார்? அன்று அந்த அறையில் க்யூவின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

இப்போதெல்லாம் உயர்ந்தோரைக் கேட்க வேண்டாம், கார்ப்பஸை, அதாவது மக்கள் உண்மையில் எழுதியதையும் பேசியதையும் திரட்டி வைத்த தொகுப்பை, பார்த்தால் போதும் என்பார்கள். நானும் பார்த்தேன். பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸில் சுமார் 10 கோடி சொற்கள் இருக்கின்றன, 1994-இல் முடித்தார்கள். அதில் 90 சதவீதம் எழுத்து, 10 சதவீதம் பேச்சு. எல்லாம் பிரிட்டன் ஆங்கிலம். அருமையான வேலை, அதைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அவருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி, எனக்கும்தான், எங்கள் ரிப்போர்ட்டைப் படிக்கிற கிளையன்ட்டுக்கும்தான். நாங்கள் மூவரும் எழுதுகிற ஒரு வாக்கியம்கூட அதில் கிடையாது. அந்தத் தேடலில் வேறொன்றும் தெரிந்தது. 'டேக் எ டிசிஷன்' என்று அவர் எழுதும்போதெல்லாம் 'மேக்' என்று மாற்றிக்கொண்டிருந்தேன். பிரிட்டனில் இரண்டுமே சொல்கிறார்கள். அதை மட்டும் எத்தனை தடவை அடித்திருப்பேன் என்று எண்ண மனம் வரவில்லை.

ஜான் சின்க்ளேர், 1987-இல் கோபில்ட் அகராதியைக் கொண்டுவந்தவர், நாம் வாக்கியத்தை ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கட்டுவதில்லை, பாதி தயாராக இருக்கும் தொடர்களைத்தான் பெரும்பாலும் எடுத்து வைக்கிறோம் என்றார். முன்பெல்லாம் இதைத்தான் என் பக்கத்துக்குச் சாட்சியாக வைத்துக்கொள்வேன். தயாரான தொடர் என்றால் படிப்பவருக்கு வேகமாகப் போகும், நேரம் மிச்சம். அது உண்மைதான். ஆனால் அதே காரணத்தால்தான் ராத்திரி ஷிஃப்டின் கண்ணும் 'நாட் பீயிங் ப்ராசஸ்ட்' மேல் நிற்காமல் வழுக்கிப் போயிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது, எல்லா ரிப்போர்ட்டிலும் இருக்கிற வரிதானே அது. 'ஸ்வாலோயிங்' என்று இருந்திருந்தால் நின்றிருப்பார்கள், யாராவது போன் செய்து என்ன அர்த்தம் என்று கேட்டிருப்பார்கள். கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். இல்லை, விழித்துவிட்டு அவர்களும் நெட்வொர்க்கைத்தான் பார்த்திருப்பார்களோ என்னவோ, உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

எப்படியோ, அதற்கப்புறம் அவர் எழுதுவது மாறிவிட்டது. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பழைய ரிப்போர்ட்களை எடுத்து வைத்துக்கொண்டு அதிலிருக்கும் தொடர்களை அப்படியே எடுத்துப் போடுகிறார். போன வாரம் வந்தது: 'தி இஷ்யூ வாஸ் அப்சர்வ்ட், அப்ரோப்ரியேட் ஆக்ஷன் வாஸ் டேக்கன், தி சிஸ்டம் இஸ் அண்டர் க்ளோஸ் மானிட்டரிங்.' அப்ரோப்ரியேட்டுக்குப் பக்கத்தில் ஆக்ஷன், க்ளோஸுக்குப் பக்கத்தில் மானிட்டரிங், எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. என்னால் ஒரு எழுத்தைத் தொட முடியவில்லை. என்ன நடந்தது என்றும் புரியவில்லை.

போன் செய்தேன். "என்னம்மா ஆச்சு, எந்த ஆக்ஷன்?" என்றேன். "மறுபடியும் அதேதான் சார். வர்றதை எல்லாம் முழுங்கிடுது, உள்ளே ஒண்ணும் செரிக்கல. தொண்டையிலேயே நிக்குதுன்னு பார்த்தா, இல்ல, வயித்துக்குப் போயிடுச்சு, அங்கதான் நிக்குது. அதனால க்யூவைத் தொடல, வொர்க்கரை மட்டும் ரீஸ்டார்ட் பண்ணிட்டேன்" என்று கடகடவென்று சொன்னார். கேட்கும்போதே எல்லாம் கண்முன்னால் தெரிந்தது.

போனை வைத்துவிட்டு அந்த ரிப்போர்ட்டைத் திறந்தேன். முதல் வரிக்குப் பக்கத்தில் கமென்ட் போட்டேன்: நீங்கள் போனில் சொன்னதையே எழுதுங்கள், க்யூ விழுங்கிவிட்டது என்றே இருக்கட்டும். அனுப்புவதற்குள், அதே பக்கத்தில் அவர் 'டிஸ்கஸ் எபௌட்' என்று எழுதியிருந்தது கண்ணில் பட்டது, டிஸ்கஸுக்குப் பின்னால் எபௌட் வராது என்பார்கள், கை தன்னால் போய் 'எபௌட்'டை அடித்துவிட்டது. அதை அடித்தது சரியா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் அவருடைய பதில் வந்திருந்தது. "அப்படிச் சொல்லலாமா சார்?" என்று ஒரு வரி. நேற்றிலிருந்து திறந்து திறந்து பார்க்கிறேன், இன்னும் பதில் போடவில்லை.