ஆண்டு வாடகை 88 சென்ட்

ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், ஏழைகளுக்காகக் கட்டிய ஃபுகெராய் குடியிருப்பைப் பார்க்கப் போனேன். முதலில் அங்கே போன டாக்ஸியைச் சொல்லிவிடுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆக்ஸ்பர்க் ரயில் நிலையத்திலிருந்து யாக்கோபர் புறநகருக்கு டிராம் போகிறது. நடந்தாலும் அரை மணி நேரம் ஆகாது. அது தெரியாமல் ஏறிய என்னை ஓட்டுநர் ஊரெல்லாம் சுற்றிக் கொண்டுபோனார். இரவுச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பணம் அதிலேயே கரைந்தது.

யாக்கோபர் வாசல் கோபுரத்தைப் பார்த்ததும்தான் மனம் ஆறியது. பழைய நகரம் மேட்டில் இருக்கிறது. கீழே தாழ்வில், கைவினைஞர்களும் கூலிக்காரர்களும் வாழ்ந்த இந்தப் புறநகருக்கு 14ஆம் நூற்றாண்டில்தான் மதில் கட்டினார்கள். அதில் பெரும்பகுதியை 19ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள். வாசலையாவது விட்டுவைத்தார்களே!

அந்தப் புறநகருக்குள் தனக்கென்று மதிலும் வாசல்களும் கொண்ட இன்னொரு குடியிருப்பு, ஃபுகெராய். பேரரசர்களுக்கே கடன் கொடுத்த வணிகர் யாக்கோப் ஃபுகர், வறுமையில் வாடிய கத்தோலிக்க நகரவாசிகளுக்காக 1521இல் நிறுவியது. இன்றும் சுமார் 150 பேர் வசிக்கிறார்கள். அடிப்படை வாடகை ஆண்டுக்கு 88 சென்ட். மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு! அத்துடன், ஃபுகர் குடும்பத்துக்காக நாளுக்கு மூன்று ஜெபம். நான் எடுத்த நுழைவு டிக்கெட் ஏழு ஆண்டு வாடகைக்கும் மேல். அந்தப் பணம் போனதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

கட்டணம், நேரம் எல்லாம் வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த அழைப்பு மணிகள் மனதை விட்டு நகர மறுக்கின்றன. கதவுக்குக் கதவு இழுகம்பியின் பிடி வேறு வடிவம். தெருவிளக்கு இல்லாத காலத்தில் இருட்டில் கையால் தடவித் தன் வீட்டைக் கண்டுபிடிக்கவாம். மாடியில் இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் தெருவைப் பார்த்துத் தனித்தனி வாசல். ஏழைக்கும் சொந்தமாக ஒரு வாசல் வேண்டும் என்று 500 ஆண்டுகளுக்கு முன்பே நினைத்திருக்கிறார்கள். அதைவிட அழகான எதையும் இந்தப் பயணத்தில் நான் பார்க்கவில்லை.

இசைமேதை மொசார்ட்டின் கொள்ளுத்தாத்தா ஃபிரான்ஸ் இங்கே குடியிருந்தவர். 1944 பிப்ரவரியில் விழுந்த குண்டுகளில் குடியிருப்பின் பெரும்பகுதி அழிந்தது. போருக்குப் பின் பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டினார்கள். குண்டுவீச்சின்போது மக்கள் பதுங்கிய நிலவறையைப் பார்க்கத் தவறாதீர்கள்.

இரவு பத்து மணிக்கு வாசலைப் பூட்டிவிடுவார்கள். தாமதமாக வரும் குடியிருப்பாளர் காவலருக்கு 50 சென்ட் தர வேண்டும். நள்ளிரவு தாண்டினால் ஒரு யூரோ, அதாவது ஓராண்டு வாடகைக்கும் மேல்!

வெளியே வந்து கேஸ்ஷ்பெட்ஸ்லே சாப்பிட்டேன். உருகிய பாலாடைக்கட்டியில் புரண்ட மாவுத் துண்டுகள், மேலே மொறுமொறுவென்று வறுத்த வெங்காயம். ஒரு தட்டே இரண்டு வேளைக்குப் போதும். ரயில் நிலையத்துக்கு நடந்தே திரும்பினேன்.