ஸ்பானிஷ் வினைக்கு ஆங்கிலத்தைக் கூப்பிட வேண்டாம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் நான் வேலை பார்க்கும் ஏற்றுமதிக் கம்பெனியிலும் அப்போது வேலை குறைவு. இந்தியக் கணவாய் ஸ்பெயினுக்கும் போகிறது என்பதால் ஸ்பானிஷ் படிக்க உட்கார்ந்தேன். சித்தப்பா மகளும் சேர்ந்துகொண்டாள்.

எங்களிடம் இருந்த புத்தகம் ஆங்கிலவழி. வாக்கியத்துக்கு வாக்கியம் 'யோ' போடும். 'யோ' என்றால் நான். "எதுக்குண்ணே இத்தனை யோ? மீன் பிடிக்கிறேன்னா நான்தானே?" என்றாள். சரியான கேள்வி. ஸ்பானியர்களும் அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில்தான் அதைப் போடுவார்கள். தன்மை, முன்னிலை, படர்க்கை எல்லாம் நம் வினையைப் போலவே விகுதியில் இருக்கிறது.

மீன் பிடிப்பது பெஸ்கார். கடைசி 'ஆர்' போனால் மிச்சம் 'பெஸ்க்'. பெஸ்கோ, பிடிக்கிறேன். பெஸ்காஸ், பிடிக்கிறாய். பெஸ்கா என்றால் பிடிக்கிறான், பிடிக்கிறாள், பிடிக்கிறது, மூன்றும்தான். ஆண், பெண் பிரிவினை வினையில் கிடையாது. பெஸ்காமோஸ், பிடிக்கிறோம். பெஸ்கான், பிடிக்கிறார்கள். ஸ்பெயினில் 'நீங்களெல்லாம்' என்பதற்கு பெஸ்காயிஸ் உண்டு. தென் அமெரிக்காவில் அதற்கும் பெஸ்கான்தான்.

'ஏர்', 'இர்' என்று முடிகிற வினைகளும் இப்படித்தான், 'ஆ' இருந்த இடத்தில் 'ஏ' வரும். பெந்தேர் (விற்பது) பெந்தேமோஸ் ஆகும், பிபிர் (வாழ்வது) பிபிமோஸ் ஆகும். இந்த 'மோஸ்' இடத்திலும் ஸ்பெயின்காரர்களின் 'நீங்களெல்லாம்' இடத்திலும் மட்டும்தான் 'ஏர்', 'இர்' இரண்டும் பிரிகின்றன.

நிகழ்காலத்தைப் புழங்குவது நமக்கு இன்னும் சுலபம். "நாளைக்குப் பேய்க்கணவாய் விக்கிறேன்" என்போமே, அதுவேதான் "மன்யானா பெந்தோ புல்போ". "பத்து வருஷமா இங்க இருக்கேன்" என்பதற்கும் அங்கே நிகழ்காலம்தான்: "பிபோ அகீ தெஸ்தே ஆசே தியேஸ் ஆன்யோஸ்". ஆங்கிலத்தில் இதற்கு 'ஹேவ் பீன்' என்று சுற்ற வேண்டும். அந்தச் சுற்று நமக்கு எதற்கு?

இடிக்கிற இடம் மரியாதை. பெரியவர்களை 'நீங்கள்' என்று சொல்ல 'உஸ்தெத்' உண்டு, ஆனால் அதோடு வருவது படர்க்கை ஒருமை வினை. வாங்க வந்தவரிடம் "உஸ்தெத் கொம்ப்ரா".

"அய்யய்ய, 'நீங்க வாங்குறான்'னு சொல்ற மாதிரில்ல இருக்கு!" என்று சிரித்தாள்.

யோவை விடுகிற மாதிரி இந்த உஸ்தெத்தைச் சட்டென்று விடாதீர்கள். வெறும் கொம்ப்ரா என்றால் நீங்கள் வாங்குகிறீர்களா, பக்கத்தில் நிற்கிறவர் வாங்குகிறாரா என்று தெரியாது.