பொம் ஃபைல்களில் ஒரு வெர்ஷனை மட்டும் மாற்றியது எப்படி

பல மாட்யூல்கள் உள்ள மேவன் (ஜாவா ப்ராஜெக்ட்களை பில்ட் செய்யும் கருவி) ப்ராஜெக்ட். ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஒரு பொம் எக்ஸ்எம்எல் ஃபைல், அதற்குத் தேவையான லைப்ரரிகளும் அவற்றின் வெர்ஷன்களும் அதில்தான். எல்லாவற்றிலும் டெஸ்ட் லைப்ரரியான ஜேயூனிட் ஜூபிட்டரை 5.9.3-லிருந்து 5.10.2-க்கு ஏற்ற வேண்டும். எழுத்து வடிவத்தை மட்டும் வைத்துத் தேடும் ரெகெக்ஸ் இதற்குச் சரிவராது. பேரன்ட், ப்ராஜெக்ட், பிளக்இன் என்று ஃபைல் முழுக்க வெர்ஷன் டேக்தான்.

பைத்தானோடு வரும் எக்ஸ்எம்எல் பார்ஸரான எலிமென்ட்ட்ரீயில் ஃபைண்ட் ஃபங்ஷனுக்கு வெறும் டேக் பெயரைக் கொடுத்தால் ஒன்றும் கிடைக்காது. ரூட் எலிமென்ட்டில் மேவனின் நேம்ஸ்பேஸ் (டேக்குகள் யாருடையவை என்று காட்டும் முகவரி) இருப்பதால், பார்ஸர் ஒவ்வொரு டேக்கையும் அந்த முகவரியோடு சேர்த்தே வைத்திருக்கிறது. அதைச் சமாளித்துத் திருத்தி எழுதினாலும் வேறு தொல்லைகள். டேக்குகளுக்கு முன்னால் 'என்எஸ்0' முளைக்கும். கமென்ட்கள் காணாமல் போகும். என்கோடிங் கொடுக்காவிட்டால் டிஸ்கிரிப்ஷனில் உள்ள தமிழ் முழுவதும் எண்களாகிவிடும். 'த' 2980 ஆகி நிற்கும்.

ஆகவே எல்எக்ஸ்எம்எல் என்ற வேறொரு பைத்தான் லைப்ரரி. அதில் டேக்குகளைப் பாதையாக எழுதித் தேடும் எக்ஸ்பாத்தில் நேம்ஸ்பேஸுக்கு 'எம்' என்பதுபோல ஒரு ப்ரிஃபிக்ஸ் வைத்து டிக்‌ஷனரியாகக் கொடுக்க வேண்டும். வெற்று ப்ரிஃபிக்ஸை ஏற்காது. பாதையின் ஒவ்வொரு படியிலும், சதுர அடைப்புக்குள் இருக்கும் நிபந்தனையிலும்கூட ப்ரிஃபிக்ஸ் வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் எரர் வராது, காலி லிஸ்ட்தான் வரும். நேரத்தைத் தின்பது இதுதான். நிபந்தனையில் ஆர்டிஃபாக்ட்ஐடி (லைப்ரரியின் பெயர்) மட்டும் போதாது, குரூப்ஐடியும் (அதை வெளியிடுபவரின் பெயர்) சேருங்கள்: டெஸ்ட்கன்டெய்னர்ஸ் என்ற வேறு லைப்ரரியிலும் 'ஜேயூனிட்-ஜூபிட்டர்' என்ற அதே பெயரில் ஓர் ஆர்டிஃபாக்ட் உண்டு.

கிடைத்த எலிமென்ட்டை வெறும் 'இஃப்' போட்டுச் சோதிக்க வேண்டாம். வெர்ஷன் டேக்குக்குள் வேறு டேக் இல்லாததால் அது பொய் என்றே கணக்காகும். திருத்தம் சத்தமில்லாமல் நழுவிவிடும். 'இஸ் நாட் நன்' என்றே கேளுங்கள்.

மூன்று வகை வரும். வெர்ஷன் நேரடி எண்ணாக இருந்தால் அங்கேயே மாற்றலாம். டாலர் குறியும் நெளிவு அடைப்புமாக இருந்தால் அது ப்ராப்பர்ட்டியின் பெயர். ப்ராப்பர்ட்டீஸ் பகுதியில் தேடி அங்கே மாற்ற வேண்டும், அது பேரன்ட் பொம்மிலும் இருக்கலாம். வெர்ஷன் டேக்கே இல்லையென்றால் வெர்ஷன்களை ஒரே இடத்தில் வைக்கும் டிபெண்டன்சிமேனேஜ்மென்ட் பகுதி பார்த்துக்கொள்கிறது, தொடாதீர்கள்.

எழுதும்போது எல்எக்ஸ்எம்எல்லும் முழு யோக்கியமில்லை. முதல் வரி டிக்ளரேஷனின் இரட்டை மேற்கோள் ஒற்றையாகும், பல வரிகளில் பிரித்து எழுதிய ரூட் டேக் ஒரே வரியில் சுருங்கும். பொருள் மாறாது, ஆனால் ரிவியூ செய்பவர் எரிச்சல்படுவார். அதனால் தேட மட்டும் பார்ஸரை வைத்துக்கொண்டு, திருத்தத்தை மூல ஃபைலிலேயே செய்வது மேல். எலிமென்ட்டின் சோர்ஸ்லைன் வரி எண்ணைத் தரும். அது 1-லிருந்து எண்ணுகிறது, பைத்தான் லிஸ்ட் 0-விலிருந்து. ஒன்றைக் கழித்து அந்த வரியில் மட்டும் பழைய எண்ணைப் புதியதாக மாற்றி எழுதுங்கள். டேக்கும் எண்ணும் ஒரே வரியில் இருக்கும்வரை இது பிசகாது.

பைத்தான் வரி முடிவுகளை மாற்றிவிடாமல் இருக்க, ஃபைலைப் படிக்கும்போதும் எழுதும்போதும் நியூலைன் ஆர்கியூமென்ட்டை வெற்று ஸ்ட்ரிங்காகக் கொடுக்க வேண்டும். முடித்ததும் கிட் டிஃப்பில் திருத்திய ஃபைலுக்கு ஒரு வரி மாற்றம்தான் தெரியும். ஃபைல் முழுவதும் மாறியதாகக் காட்டினால், பெரும்பாலும் விண்டோஸ் வரி முடிவுகள் லினக்ஸ் முடிவுகளாகவோ, தலைகீழாகவோ மாறிவிட்டன என்று அர்த்தம்.