வக்கீல் செலவுக்கு ஒரு இன்சூரன்ஸ்: முதல் தடவை நான் தப்பாக வாங்கிய கதை

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பழைய வீட்டைக் காலி செய்கிறேன் என்று சொன்னதுமே வீட்டு ஓனரிடமிருந்து ஒரு மெயில் வந்தது, தரையில் கீறல் இருக்கிறது, சுவருக்கெல்லாம் பெயின்ட் அடித்துத் தர வேண்டும், இல்லையென்றால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வேன் என்று. அட்வான்ஸ் 2,700 யூரோ, மூன்று மாத வாடகை, சட்டப்படி அதற்கு மேல் வாங்கக் கூடாது. அவர் பிடிக்கப்போவதாகச் சொன்னது 1,400. பாதிக்கும் மேல்!

பதறிப் போய் நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். அங்கே இன்சூரன்ஸ் பார்த்துக் கொடுக்கும் அண்ணன் ஒருவர் இருந்தார். "தம்பி, ரெஹ்ட்ஸ்ஷுட்ஸ் போட்டுடுங்க, எல்லாத்துக்கும் சேத்து ஒரே பேக்கேஜ், இனிமே வக்கீல் செலவைப் பத்திக் கவலையே வேண்டாம்" என்றார். அன்று சாயங்காலமே டேப்லெட்டில் விரலால் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வருடத்துக்கு கிட்டத்தட்ட 400 யூரோ.

ரெஹ்ட்ஸ்ஷுட்ஸ்ஃபெர்ஸிஹெருங் என்பது முழுப்பெயர். நம் ஊரில் இப்படி ஒன்று பெரிதாகப் புழக்கத்தில் இல்லை என்பதால் சொல்லிவிடுகிறேன். வக்கீல் ஃபீஸ், கோர்ட் கட்டணம், தோற்றுப்போனால் எதிராளியின் வக்கீல் ஃபீஸ், இவற்றையெல்லாம் இன்சூரன்ஸ் கட்டும். உங்கள் மேல் விழும் அபராதத்தையோ நீங்கள் கொடுக்க வேண்டிய பணத்தையோ கட்டாது. ஜெர்மன்காரர்கள் பக்கத்து வீட்டுக்காரரோடு வேலித் தகராறு வந்தால்கூட "எனக்கு ரெஹ்ட்ஸ்ஷுட்ஸ் இருக்கு" என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள், பாதி சண்டை அதிலேயே அடங்கிவிடும்.

சரி, என் கதைக்கு வருவோம். இன்சூரன்ஸுக்கு எழுதினேன், பத்து நாளில் பதில் வந்தது, முடியாது என்று. இரண்டு காரணம். ஒன்று, வீடு சம்பந்தப்பட்ட பகுதிக்கு மூன்று மாதக் காத்திருப்புக் காலம் இருக்கிறது, வார்ட்டெட்ஸைட் என்பார்கள், அதற்குள் முளைக்கும் தகராறு எதுவும் சேராது. இரண்டாவது அதைவிட மோசம்: சண்டையின் வேர் பாலிசி ஆரம்பிப்பதற்கு முன்பே இருந்தால், மூன்று மாதம் கழித்து கேட்டாலும், மூன்று வருடம் கழித்து கேட்டாலும் கிடைக்காது. ஓனரின் மெயில் தேதியை நானே இணைப்பில் அனுப்பியிருந்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அண்ணனிடம் கேட்டால் "கண்டிஷன்ல போட்டிருக்கே தம்பி" என்றார். போட்டிருந்தது, 40 சொச்சம் பக்க ஜெர்மன் பிடிஎஃப்பில்.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது மீட்டர்ஃபெரைன், அதாவது வாடகைக்கு இருப்பவர்களின் சங்கம். அநேகமாக எல்லாப் பெரிய ஊரிலும் ஒன்று இருக்கும். வருடச் சந்தா நூறு யூரோ அளவில்தான். சேர்ந்தவுடனே, ஏற்கனவே இருக்கும் பிரச்சினைக்கும் ஆலோசனை சொல்வார்கள், கடிதமும் எழுதித் தருவார்கள். நான் குடிபோனபோதே பெயின்ட் அடிக்காத வீடு அது, ஒப்படைப்புத் தாளிலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. அப்படியானால் அடித்துத் தர வேண்டிய கடமை எனக்கு இல்லை, 2015-லேயே ஜெர்மன் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்று சங்கத்தில் இருந்த ஒரு அம்மா ஒரு பக்கக் கடிதத்தில் எழுதினார். ஓனர் 1,100 யூரோவைத் திருப்பிக் கொடுத்தார். மீதி முந்நூறு தரைக் கீறலுக்கு என்றார், அதற்கு மேல் எனக்கும் தெம்பில்லை.

இதற்கப்புறம்தான் அந்த பிடிஎஃப்பை உட்கார்ந்து படித்தேன். இந்த இன்சூரன்ஸ் ஒரே பொருள் அல்ல, நான்கு துண்டு: தனிப்பட்ட விஷயங்கள், வேலை, போக்குவரத்து, வீடு. வேலைத் துண்டைத் தனியாகத் தர மாட்டார்கள், பெரும்பாலும் தனிப்பட்டதோடு சேர்த்துத்தான் வரும். போக்குவரத்தை மட்டும் தனியாக வாங்கலாம், அதற்கு வழக்கமாகக் காத்திருப்பும் கிடையாது.

விசாவில் இருக்கும் நமக்கு இதில் முக்கியமானது எது என்று கேட்டால், யோசிக்காமல் வேலைத் துண்டு என்பேன். காரணம் பலருக்குத் தெரியாத ஒரு விதி. ஜெர்மனியில் மற்ற சிவில் வழக்குகளில் தோற்றவர் ஜெயித்தவரின் வக்கீல் செலவையும் கட்ட வேண்டும். தொழிலாளர் நீதிமன்றத்தின் முதல் கட்டத்தில் மட்டும் அப்படி இல்லை. நீங்கள் ஜெயித்தாலும் உங்கள் வக்கீலுக்கு நீங்கள்தான் கொடுக்க வேண்டும். வேலையை விட்டுத் தூக்கியது தப்பு என்று நீதிபதியே சொன்னாலும் பில் உங்களுக்குத்தான். பணிநீக்க வழக்கின் மதிப்பை மூன்று மாத மொத்தச் சம்பளமாக வைத்து அதிலிருந்து ஃபீஸ் கணக்குப் போடுவார்கள், ஐடி சம்பளத்துக்கு அது சாதாரணமாக 2,000 யூரோவைத் தாண்டிவிடும். அதுவும் வேலை போன மாதத்தில்.

இதைக் கண்ணால் பார்த்தது 2023-ல். கோயம்புத்தூர்க்கார நண்பர் ஒருவர், கார் உதிரிபாகக் கம்பெனியில் ஆறு வருடமாக இருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை எச்ஆர் கூப்பிட்டு, இருவரும் ஒத்துக்கொண்டு பிரிவதாக ஒரு ஒப்பந்தத்தை முன்னால் வைத்து, வெள்ளிக்குள் கையெழுத்துப் போடுங்கள், இல்லையென்றால் நாங்களே நீக்குவோம் என்றார்களாம். ராத்திரி எனக்கு போன். "போட்டுட்டு ஒழிஞ்சுடலாமான்னு இருக்கு மச்சான், விசா வேற இருக்கு" என்றார். போடாதே என்றேன், எனக்குத் தெரிந்த அளவுக்கு. அதில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டால் வேலையில்லாதோர் பணத்தைப் பன்னிரண்டு வாரம்வரை நிறுத்தி வைக்க முடியும்.

அவரிடம் நான்கு வருடப் பழைய பாலிசி இருந்தது. இன்னும் நீக்கவே இல்லையே, இன்சூரன்ஸ் எப்படி வரும் என்று அவருக்குச் சந்தேகம். வக்கீல் சொன்னது: கையெழுத்துப் போடாவிட்டால் நீக்குவோம் என்ற மிரட்டலே போதும், அதுவே தகராறு ஆரம்பித்ததாகக் கணக்கு, 2008-ல் இதற்கும் தீர்ப்பு இருக்கிறது. வக்கீலே இன்சூரன்ஸுக்கு எழுதி, செலவை ஏற்கிறோம் என்ற கடிதத்தை வாங்கிவிட்டார். டெக்குங்ஸ்ஸூஸாகெ என்று பெயர், அது கைக்கு வராமல் எதையும் ஆரம்பிக்காதீர்கள். பிறகு கம்பெனி நீக்கியது, காகிதத்தில், பேனாக் கையெழுத்தோடு, ஏனென்றால் மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ நீக்கினால் செல்லாது. அந்தக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் வழக்குப் போட வேண்டும், ஒரு நாள் தவறினாலும் பெரும்பாலும் கதை முடிந்தது.

முதல் சமரச அமர்வு பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் இழப்பீடு என்பது பொதுவாகப் பேச்சை ஆரம்பிக்கும் கணக்கு, அவர் அதற்கு மேலேயே வாங்கினார், நல்ல வேலைச் சான்றிதழும் சேர்த்து. கையிலிருந்து போனது 250 யூரோ, பாலிசியில் நாமே ஏற்கும் பங்கு. இந்தப் பங்கு 150 என்றால் பிரீமியம் கூடும், 250 என்றால் குறையும். வருடாவருடம் கேஸ் போடப்போவதில்லை என்பதால் நான் 250-தான் எடுத்திருக்கிறேன்.

இப்போது குரூப்பில் வாராவாரம் வரும் கேள்வி: குடியுரிமை விண்ணப்பம் போட்டு ஒன்றரை வருடமாகப் பதிலே இல்லை, அலுவலகத்தின் மேல் கேஸ் போட ரெஹ்ட்ஸ்ஷுட்ஸ் தருமா? பெரும்பாலும் தராது. வெளிநாட்டினர் சட்டத்தையே விலக்குப் பட்டியலில் போட்டுவைத்திருப்பார்கள். நம்மை மாதிரி ஆட்களுக்கு எதற்கு வக்கீல் அதிகம் தேவையோ அதையே எடுத்துவிட்டார்கள் என்று எனக்கு இன்னும் எரிச்சல்தான். விவாகரத்தும் அப்படியே, கிடைத்தால் ஒரு முறை ஆலோசனை. வீடு கட்டும் தகராறு கிடையாது. பார்க்கிங் அபராதமும் கிடையாது. அப்பா போனில் "நம்ம வரப்புக் கேஸுக்கு அதுல ஏதாச்சும் கெடைக்குமாப்பா" என்று கேட்டார், பாவம். தஞ்சாவூர் வயலுக்கு ஜெர்மன் கம்பெனி எங்கே வரப்போகிறது.

இன்சூரன்ஸே வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழியும் உண்டு. தொழிற்சங்கத்தில் சேர்ந்தால், உதாரணமாக ஐஜி மெட்டால், மாதச் சம்பளத்தில் ஒரு சதவீதம் சந்தா, மூன்று மாதம் கழித்து வேலை வழக்குகளுக்குச் சட்ட உதவி அதிலேயே வந்துவிடும். சம்பளம் கூடக் கூட அது இன்சூரன்ஸைவிட விலை கூடிவிடும் என்பதையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் நேராக வக்கீலிடமே போகலாம், தனி நபருக்கு முதல் ஆலோசனை, வேறு தொகை பேசிக்கொள்ளாதவரை, 190 யூரோவும் வரியும்தான், அதற்கு மேல் இல்லை.

என்னைப் போல இன்சூரன்ஸுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு முழிப்பவர்களுக்கு: பாலிசியைப் பதினான்கு நாளுக்குள் திரும்பப் பெறலாம், காரணம் சொல்ல வேண்டாம். இன்னொன்று, சின்னச் சின்னதுக்கெல்லாம் பாலிசியைத் தொடாதீர்கள். பன்னிரண்டு மாதத்துக்குள் இரண்டு கேஸ் என்றால் அவர்களே ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம், அப்புறம் அடுத்த கம்பெனி பழைய கணக்கைக் கேட்கும்.

நான் அண்ணனின் பேக்கேஜை வருட முடிவில் நிறுத்திவிட்டேன். இப்போது தனிப்பட்டது, வேலை, போக்குவரத்து மூன்றும் வேறு கம்பெனியில், பழையது முடிந்த மறுநாளே புதியது தொடங்கும்படி தேதியைப் பார்த்து வாங்கினேன், நடுவில் ஓட்டை விழக் கூடாதல்லவா. வீட்டுக்கு மீட்டர்ஃபெரைன் சந்தா. இரண்டும் சேர்ந்தும் பழைய பேக்கேஜைவிடக் குறைவுதான். அண்ணன் இப்போதும் தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புகிறார், கீழே பல் இன்சூரன்ஸ் விளம்பரத்தோடு.